இரட்டை மருந்தும் ஒப்பந்தத் தொழிலாளியும்

பழுதடைந்த உயிரணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். புற்றணு சாக மறுக்கிறது. சிலவகை இரத்தப் புற்றுநோயில் பிசிஎல்-2 என்னும் புரதம் அந்தச் சாவைத் தடுக்கிறது. வெனிட்டோகிளாக்ஸ் மருந்து அத்தடையை நீக்குகிறது. ஆனால் புற்றணு வேறு புரதங்களின் துணையோடு தப்பிவிடக்கூடும். ஆகவே இப்ருட்டினிப் போன்ற மற்றோர் இலக்குசார் மருந்தையும் சேர்த்துத் தருகின்றனர். ஒருவகை நாள்பட்ட இரத்தப் புற்றுநோய்க்கு இவ்விணையை ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் ஏற்றது.

மருத்துவத்துக்கு இது இருமுனைத் தாக்குதல். நோயாளிக்கு இரு மருந்துகளின் விலை.

இந்தியச் சட்டம் இங்கே கையறு நிலையில் இல்லை. சொராஃபெனிப்புக்கு பேயர் நிறுவனம் மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாய் விலை வைத்திருந்தது. காப்புரிமைச் சட்டப் பிரிவு 84 இன் கீழ் 2012 மார்ச்சில் நாட்கோவுக்குக் கட்டாய உரிமம் கிடைத்தது. அதன் மருந்து 8,800 ரூபாய்க்கு வந்தது. 2013 ஏப்ரல் 1 அன்று, பிரிவு 3(டி)யின் அடிப்படையில், நோவார்ட்டிஸின் இமாட்டினிப் வடிவத்துக்கு உச்ச நீதிமன்றம் காப்புரிமை மறுத்தது. மருந்துச் சேர்க்கைகளுக்குப் பிரிவு 3(இ) பொருந்தும்: பொருள்களின் குணங்கள் வெறுமனே கூடும் கலவைக்குக் காப்புரிமை இல்லை. சேர்க்கையால் கூடுதல் பயன் விளைகிறது என்று நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும்.

விலை குறைந்தால் மட்டும் போதுமா? பென்னலூர், ஒரகடம் தொழிற்பட்டையில் நம் சேரிப் பிள்ளைகள் பலருக்கு வாய்ப்பது ஒப்பந்த வேலையே. இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கானது. புற்றுநோய்க்கான நீட்டித்த நோய்க்கால உதவித்தொகை பெற, இரண்டாண்டுத் தொடர்ச்சியான காப்பீட்டு வேலையும் நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் பங்களிப்பும் தேவை. ஒப்பந்ததாரர் மாறும்போது பங்களிப்பு விட்டுப்போனாலோ, புதிய எண் போடப்பட்டாலோ அத்தொடர்ச்சி அறுகிறது. தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வருவோர் இ.எஸ்.ஐ.க்கே வெளியே நிற்கின்றனர்.

அண்ணல் அம்பேத்கர் வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்த காலத்தில், 1944 இல் அடார்க்கர் அளித்த அறிக்கையே 1948 இ.எஸ்.ஐ. சட்டத்துக்கு அடித்தளம். அச்சட்டம் வாக்களித்த பாதுகாப்பை ஒப்பந்தமுறை அரித்துவிடலாகாது. ஒப்பந்ததாரர் மாறினாலும் காப்பீட்டு எண் மாறாதிருக்கவும், விடுபட்ட பங்களிப்புக்கு முதன்மை நிறுவனத்தைப் பொறுப்பாக்கவும், பழகுநரையும் காப்பீட்டில் சேர்க்கவும் தொழிற்சங்கங்கள் கோர வேண்டும். காரப்பேட்டை அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனையில் இலக்குசார் மருந்துகள் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதும் அக்கோரிக்கையின் பகுதியாகட்டும்.