தேதியை யார் குறித்தது?

இட்லிக்கு மாவு அரைப்பதும், அரைத்த மாவு புளிப்பதும் ஒரே வகை வேலை அல்ல. அரிசி களைய ஒருவர், உளுந்து அரைக்க ஒருவர் என்று ஆள் சேர்த்தால் முதல் வேலை சீக்கிரம் முடியும். இரண்டாவது முடியாது. வீட்டிலிருக்கிற அத்தனை பேரும் பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து உற்றுப் பார்த்தாலும் மாவு புளிக்க ஒரு ராத்திரி ஆகும். இது நம் அம்மாக்களுக்குத் தெரியும். ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொள்வதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம் என்பது என் புகார்.

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் மாதிரியான மென்பொருளுக்குள் ஓடுவது ஒரே ஒரு பெருக்கல் கணக்கு. வேலை = கால அளவு × ஆள் அளவு. 5 நாள், நாளுக்கு 8 மணி நேரம், ஒரு முழு ஆள் என்றால் 40 மணி நேர வேலை. மூன்றில் ஒன்றை நீங்கள் பூட்டி வைக்கலாம், இன்னொன்றை மாற்றலாம், மூன்றாவதை மென்பொருள் கணக்குப் போட்டுச் சொல்லும். கால அளவைப் பூட்டினால் அதற்குப் பெயர் ‘ஃபிக்ஸட் டியூரேஷன்’. கான்கிரீட் இறுகுவது, மூன்று நாள் பயிற்சி வகுப்பு, ஒரு மாத நோட்டீஸ் பீரியட் எல்லாம் இந்த வகை. மாவு புளிப்பதும்தான். நியாயமான ஏற்பாடு.

ஆனால் நம் ஆபீஸ்களில் அந்தப் பூட்டை எதற்குப் போடுகிறார்கள்? யாரோ ஒருவர் க்ளையண்ட்டிடம் வாய் தவறிச் சொல்லிவிட்ட தேதிக்கு. இயற்கை குறித்த கால அளவுக்கும் மேலிடம் குறித்த தேதிக்கும் மென்பொருளில் ஒரே பெயர். ரெண்டும் ஒரே மாதிரி நீலப் பட்டையாகத் திரையில் படுத்திருக்கும். ஒன்றை நம்மால் மாற்ற முடியாது. இன்னொன்றை மாற்றச் சொல்லிக் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் இப்படி ஒரு ஐந்து நாள் வேலை என் தலையில் விழுந்தது. நடுவில் க்ளையண்ட் இன்னும் நாலு விஷயம் கேட்டதில் 40 மணி நேரம் 80 ஆனது. தேதி பூட்டியாச்சு. எனவே கணக்கு சொன்னது: இந்த ஆள் 200% வேண்டும், நாளுக்கு 16 மணி நேரம். திரையில் என் பெயர் சிவப்பாக மாறியது. மேனேஜர் பதறிவிட்டார், என்னைப் பார்த்து அல்ல, சிவப்பைப் பார்த்து. “எஸ்டிமேட்டைக் கொஞ்சம் ரியலிஸ்டிக்கா போடுவோம்பா” என்றபடி 80-ஐ அழித்து 40 என்று அடித்தார். சிவப்பு போய்விட்டது. வேலை போகவில்லை. ஐந்து ராத்திரி முழித்து முடித்தேன். “டைம்ஷீட்ல எட்டுக்கு மேல போடாத, அப்ரூவல் கேப்பாங்க” என்றார்கள். நாளுக்கு எட்டு என்றே போட்டேன்.

அதனால் என்ன என்று கேட்கலாம். அடுத்த ப்ராஜெக்டில் அதே மாதிரி வேலை வந்தபோது பழைய கணக்கைப் புரட்டினார்கள். ‘40 மணி நேரத்தில் முடிந்திருக்கிறது’ என்று இருந்தது. சாட்சிக் கையெழுத்து என்னுடையது. இந்த முறை அந்த வேலை ஒரு புதுப் பையனுக்குப் போனது. நான் அப்போது டீம் லீட். “ப்ரோ, பதினோரு மணி நேரம் ஆச்சு. எட்டுன்னு போட்டுடவா?” என்று கேட்டான். “போட்டுடு” என்றேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

“ஆள் சேர்த்தால் போச்சு” என்பார்கள். மென்பொருளும் ஒத்துக்கொள்ளும். 80 மணி நேரத்தை இரண்டு பேருக்குப் பிரித்து, ஆளுக்கு 100% என்று சமர்த்தாகக் காட்டும். ஐ.பி.எம்.மின் ஓஎஸ்/360 திட்டத்தை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ், 1975-லேயே ‘தி மித்திக்கல் மேன்-மன்த்’ புத்தகத்தில் இந்தக் கணக்கைப் போட்டு உடைத்துவிட்டார். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அவர் சொன்ன விதி. புதிதாக வருபவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஏற்கெனவே மூழ்கிக்கொண்டிருப்பவர்தானே. தவிர, 3 பேர் தங்களுக்குள் பேசிக்கொள்ள 3 இணைப்புகள் போதும். 6 பேருக்கு 15 வேண்டும்.

மென்பொருளைத் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த அறையில் உண்மை பேசியது அது ஒன்றுதான். சிவப்பாக மாறி, “இது நடக்காது” என்றது. நாம்தான் அதன் வாயை அடைத்தோம்.

அதன் நாட்காட்டியில் நாளுக்கு 8 மணி நேரம் என்று முன்கூட்டியே போட்டிருக்கும். அது மைக்ரோசாஃப்ட் போட்ட பிச்சை அல்ல. 1886-இல் சிகாகோ தொழிலாளர்கள் ரத்தம் சிந்திய கோரிக்கை. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது அதன் தொடர்ச்சி. சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியது. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். தொழிற்சாலையில் அந்த எட்டைத் தொட ஒரு சட்டமன்றம் தேவைப்பட்டது. நம்மிடம் ஒரு பொய் டைம்ஷீட் போதுமானதாக இருக்கிறது.

சில தேதிகள் நிஜமாகவே நகராது, ஒத்துக்கொள்கிறேன். வரி தாக்கல் செய்யும் கடைசி நாளுக்கான மென்பொருளை அதற்கு அடுத்த வாரம் தர முடியாது. அப்படியென்றால் வேலையைக் குறையுங்கள். தேதியையும் பூட்டி, ஆளையும் பூட்டி, வேலையையும் பூட்டினால் பெருக்கல் கணக்கு பொய்யாகும், அல்லது கணக்கில் இல்லாத நான்காவது ஒன்று வளையும். தூக்கம், முதுகு, பிள்ளையின் ஸ்கூல் ஆண்டு விழா. அதற்கெல்லாம் திரையில் பட்டை கிடையாது.

புரட்சி எதுவும் கேட்கவில்லை. அடுத்த முறை “இது ஃபிக்ஸட் டியூரேஷன்” என்று யாராவது சொன்னால், “யார் ஃபிக்ஸ் பண்ணாங்க?” என்று மீட்டிங்கிலேயே கேளுங்கள். பதினோரு மணி நேரம் உழைத்த அன்று பதினொன்று என்றே எழுதுங்கள். அப்ரூவல் கேட்பார்கள். கேட்கட்டும். கேட்டால்தான் அந்த எண் ஏதோ ஒரு இடத்தில் பதிவாகும். உங்களுக்குப் பின்னால் வருகிற பையன் உங்கள் பொய்யில் மாட்டாமல் இருப்பான்.