பரணில் கிடக்கும் பெட்டி

எங்கள் தாத்தா வீட்டுப் பரணில் 14 அங்குலக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று கிடக்கிறது. சென்ற விடுமுறையில் மாமா, "பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாம்" என்றார். "போகட்டும், ஆனால் உடைக்கிறவன் கைக்குப் போகக்கூடாது" என்றார் தாத்தா. ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதே இக்கட்டுரைக்குக் காரணம்.

பெட்டி சிறியது, அதன் வேலையோ பெரியது. காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாயின் கழுத்திலிருந்து எலெக்ட்ரான் கற்றை பாய்கிறது. முகப்பின் உட்புறம் பூசிய பொருளில் அது படும் இடம் ஒளிர்கிறது. கழுத்தைச் சுற்றியுள்ள செம்புச் சுருள்களின் காந்தப்புலம் கற்றையைக் கோடு கோடாக நகர்த்துகிறது. நம் நாட்டு முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். நொடிக்கு 25 படங்கள். கற்றை ஒரு நேரத்தில் தொடுவது ஒரே புள்ளியைத்தான். அதை முழுப் படமாகக் காண்பது நம் கண்! எத்தனை வியப்பு!

ஆனால் வியந்தால் மட்டும் போதுமா? குழாயினுள் வெற்றிடம் இருப்பதால், உடைந்தால் உள்நோக்கி நொறுங்கிச் சில்லுகள் தெறிக்கும். பெட்டி இயங்கும்போது குழாய்க்கு 10,000 வோல்ட் அளவில் மின்னழுத்தம் தேவை. நிறுத்திய பின்னும் சிறிது காலம் மின்னூட்டம் தங்கக்கூடும். எக்ஸ் கதிர்களைத் தடுப்பதற்காகக் கண்ணாடியில் ஈயம் சேர்ப்பதுண்டு. செம்புக் கம்பிக்கு ஆசைப்பட்டுக் குழாயை உடைத்து, கண்ணாடியைப் பள்ளத்தில் கொட்டினால் அந்த ஈயம் எங்கே போகும்? மலையில் எறிவது மலையோடு நிற்பதில்லை. ஓடை வழியே கீழேயுள்ள ஊர்களுக்கும் செல்லும்.

"ஒரு சின்னப் பெட்டியால் என்ன கெட்டுவிடும்?" என்று சிலர் கேட்கலாம். கொடைக்கானலில் வாழும் நாம் அப்படிக் கேட்கலாமா? 2001-ஆம் ஆண்டு, இங்கிருந்த வெப்பமானி ஆலையின் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி ஒரு பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தது தெரியவந்தது. அவ்வாண்டே ஆலை மூடப்பட்டது. வெப்பமானியும் கையடக்கமான பொருள்தானே!

மின்னணுக் கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே 2022-இல் வகுத்த விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. தனி ஒரு வீடு மலையிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டு செல்வது கடினம். பள்ளி முன்னின்றால் எளிது. ஆண்டுக்கு ஒரு நாள் பழைய பெட்டிகளைப் பள்ளியில் சேர்த்து, ஒரே வண்டியில் அனுப்பலாம். ஒன்றை மட்டும், பின்மூடியைத் திறக்காமல், அறிவியல் ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளலாம். இளைய தங்கைகள் பார்த்துக் கற்கட்டும்.

அருட்சகோதரிகளே, பெற்றோரே, தோழியரே! உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்கள். எங்கள் பெட்டி இன்னும் கடைக்குப் போகவில்லை. அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறது.

— பத்தாம் வகுப்பு மாணவி