தவறிய குளிசை: மறக்கலாம், மறைக்கக் கூடாது

"நேற்றிரவு அந்தக் குளிசையைப் போட்டேனா, இல்லையா?" வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்தக் கேள்வி உங்கள் காதிலும் விழுந்திருக்கும். தலையிடிக் குளிசை ஒன்று தவறினால் பெரிதாக எதுவும் நடந்துவிடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளிசை அப்படியல்ல. அது கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அந்தக் குளிசை தவறிப்போனால் செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன என்பதை இம்மாதம் பார்ப்போம்.

நாம் இங்கு முக்கியமாகப் பேசுவது வார்பரின் என்ற குளிசையைப் பற்றி. சிறு வயதில் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதடைந்தவர்கள், செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர்கள், இதயம் ஒழுங்கற்றுத் துடிப்பவர்கள், காலிலோ சுவாசப்பையிலோ இரத்தக் கட்டி ஏற்பட்டவர்கள் எனப் பலர் இதைப் பாவிக்கிறார்கள்.

குளிசை என்ன செய்கிறது?

"இரத்தம் மெலியும் குளிசை" என்று இதைச் சொல்வார்கள். உண்மையில் இது இரத்தத்தைத் தண்ணீர் போல் ஆக்குவதில்லை. இரத்தம் உறைவதற்கு வேண்டிய சில புரதங்களை நமது ஈரல் விற்றமின் கே-யின் உதவியோடு தயாரிக்கிறது. வார்பரின் அந்த உதவியைத் தடுக்கிறது. அதனால் இரத்தம் உறைய எடுக்கும் நேரம் நீள்கிறது.

இந்த மருந்தின் வரலாறு ஒரு மாட்டு நோயிலிருந்து தொடங்கியது. 1920களில் வட அமெரிக்காவில், பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் பெருகி இறந்தன. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பவரின் குழுவினர் அதற்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதன் வழியில் உருவான வார்பரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கான மருந்தாக ஏற்கப்பட்டது. எலியைக் கொல்வதும் மனிதரைக் காப்பதும் ஒரே பொருள்தான். வேறுபாடு அளவில் இருக்கிறது. கிளினிக்கில் அடிக்கடி இரத்தம் எடுத்து ஐ.என்.ஆர். பார்ப்பது இதற்காகவே. இந்தக் குளிசை பாவிக்காத ஒருவருக்கு அது 1 அளவில் இருக்கும். பாவிப்பவர்களில் பெரும்பாலானோருக்கு 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருப்பார்கள். சில செயற்கை வால்வுகளுக்கு இதைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும்.

தவறினால் என்ன செய்வது?

வார்பரின் உடம்பில் மெதுவாக வேலை செய்யும் மருந்து. இன்று விழுங்கிய குளிசையின் முழுப் பயன் இரண்டு மூன்று நாட்கள் கழித்தே தெரியும். ஆகவே, ஒரு நாள் தவறியதற்காகப் பதற வேண்டியதில்லை. அதே காரணத்தால், நேற்றையதையும் சேர்த்து இன்று இரண்டு மடங்காகப் போடுவதிலும் பயனில்லை. நேற்றைய குறை அதனால் நிரம்பாது. மாறாக, இரண்டு மூன்று நாட்களில் ஐ.என்.ஆர். ஏறி இரத்தப் பெருக்குக்கு வழி செய்யும்.

பொதுவான விதிகள் இவை:

• அன்றைய குளிசை அன்று நள்ளிரவு 12 மணிக்கு முன் நினைவுக்கு வந்தால் உடனே போடுங்கள்.

• மறுநாள்தான் நினைவு வந்தால், தவறியதை விட்டுவிடுங்கள். வழமையான நேரத்தில் வழமையான அளவை மட்டும் எடுங்கள்.

• போட்டதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால், மீண்டும் போடாதீர்கள்.

• தொடர்ந்து இரண்டு நாட்கள் தவறினால், அல்லது தவறுதலாகக் கூடுதலாக விழுங்கிவிட்டால், அடுத்த கிளினிக் வரை காத்திராமல் வைத்தியரிடம் கேளுங்கள். செயற்கை வால்வு உள்ளவர்கள் இதில் சிறிதும் தாமதிக்கக் கூடாது.

• தவறியது எதுவானாலும் கிளினிக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் கிளினிக்கில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

எழுதும்போது கிழமையை மட்டும் எழுதாமல் திகதியையும் எழுதுங்கள். நம்மில் பலர் மஃரிபோடு அடுத்த நாள் தொடங்குவதாகக் கணக்கிடுவதால், "வெள்ளி இரவு" என்று வியாழன் இரவைக் குறிப்பிடுகிறோம். கிளினிக் தாதிக்கு அது வெள்ளிக்கிழமை இரவாகவே விளங்கும். சிலருக்குக் கிழமைக்குக் கிழமை அளவு மாறும். அப்படியானவர்களுக்கு இந்தக் குழப்பம் பெரும் சிக்கலாகிவிடும்.

மறைப்பதால் வரும் ஆபத்து

மறதியைவிட மோசமானது மறைப்பது. ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு தாய், கலியாண வீட்டு வேலைகளில் ஒரு வாரத்தில் மூன்று குளிசைகளைத் தவறவிடுகிறார். கிளினிக்கில் ஐ.என்.ஆர். 1.5 என்று வருகிறது. "ஒழுங்காகப் போட்டீங்களா, உம்மா?" என்று வைத்தியர் கேட்கிறார். ஏச்சுக்குப் பயந்து, "ஒரு நாளும் தவறவில்லை" என்கிறார் அவர். அப்படியானால் அளவு போதவில்லை என்றுதானே வைத்தியர் நினைப்பார்? 4 மில்லிகிராமை 5 ஆக்குகிறார். வீடு வந்ததும் மகள் பொறுப்பெடுத்து, ஒரு நாள் தவறாமல் கொடுக்கிறாள். உண்மையில் அந்தத் தாய்க்கு 4 மில்லிகிராமே போதுமாயிருந்தது. இப்போது ஐ.என்.ஆர். எல்லை மீறுகிறது. அந்த நிலையில் குளியலறையில் சறுக்கி விழுந்து தலை அடிபட்டால், மூளைக்குள் இரத்தம் கசிய இடமுண்டு.

இங்கே மருந்திலும் பிழையில்லை, வைத்தியரிலும் பிழையில்லை. உண்மை சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். ஆகவே, பிள்ளைகளே, வாப்பா உம்மா குளிசையை மறந்துவிட்டால் ஏசாதீர்கள். ஏச்சு கேட்டவர் அடுத்த முறை மறைப்பார்.

நோன்பு காலத்தில்

முதலில், நோன்பு நோற்கலாமா என்பதை றமழானுக்குச் சில வாரங்களுக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வார்பரின் நாளுக்கு ஒரு தடவை என்பதால் பெரும்பாலும் இரவு நேரத்திற்கு ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். இஷாத் தொழுகைக்குப் பின் என்று வைத்தால் மாதம் முழுவதும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் நோன்பு துறந்ததும், மறுநாள் ஸஹரிலும் என்று மாற்றாதீர்கள். இரவு மறந்து ஸஹருக்கு எழும்போது நினைவு வந்தால், 12 மணி தாண்டிவிட்டது. விட்டுவிட்டு, குறித்துக்கொண்டு, அன்றிரவு வழமையான அளவை எடுங்கள். உணவு மாறும் மாதம் என்பதால் ஐ.என்.ஆரும் மாறலாம். கீரையை ஒரேயடியாக நிறுத்தவோ, திடீரெனக் கூட்டவோ வேண்டாம். விற்றமின் கே கீரைகளில் நிறைய உண்டு.

ஹஜ், உம்றா செல்வோர் குளிசைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சவூதி நேரம் நமது நேரத்தைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. அங்குள்ள நேரப்படி இரவில் எடுத்தால் போதும்.

புதிய மருந்துகள்

அபிக்ஸபான், டபிகாட்ரான், ரிவரொக்ஸபான் ஆகியவை அடிக்கடி ஐ.என்.ஆர். பார்க்க வேண்டாத புதிய மருந்துகள். ஆனால், இவற்றின் வேலை விரைவில் தீர்ந்துவிடும். எனவே, தவறினால் பாதுகாப்பும் விரைவில் குறையும். சில நாளுக்கு இரண்டு தடவை எடுக்க வேண்டியவை. தவறினால் செய்ய வேண்டியதும் மருந்துக்கு மருந்து வேறுபடும். வார்பரின் விதியை இவற்றுக்குப் பொருத்தாமல், மருந்து எழுதித் தரும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு இவை ஏற்றவையல்ல.

உடனே வைத்தியசாலைக்கு

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பாரிசவாதத்தின் அடையாளங்கள். ஒரு கால் வீங்கி வலித்தல், திடீர் மூச்சுத் திணறல் என்பனவும் இரத்தக் கட்டியாக இருக்கலாம். மறுபுறம், மலம் தார் போல் கறுத்துப் போதல், சிறுநீரில் இரத்தம், நிற்காத மூக்கு இரத்தம், கடும் தலையிடி ஆகியன இரத்தப் பெருக்கைக் காட்டும். தலையில் அடிபட்டால், வெளியில் காயம் இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். 1990ஐ அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். செல்லும்போது கிளினிக் கொப்பியை மறவாதீர்கள்.

வீட்டில் ஓர் ஒழுங்கு

ஏழு அறைகள் கொண்ட குளிசைப் பெட்டி ஒன்று வாங்கி, வாரத்துக்கு ஒரு தடவை நிரப்பி வையுங்கள். அறை வெறுமையாக இருந்தால் குளிசை போட்டாயிற்று என்று அர்த்தம். சுவர்க் கலண்டரில் ஒவ்வோர் இரவும் ஓர் அடையாளம் இடுங்கள். கடையில் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காமல் மில்லிகிராமைப் பாருங்கள். வார்பரின் 1, 3, 5 எனப் பல அளவுகளில் கிடைக்கிறது. வைத்தியரைக் கேளாமல் அஸ்பிரின், டைக்ளோபினாக் போன்ற வலிக் குளிசைகளைச் சேர்க்காதீர்கள். திருமணமான இளம் பெண்கள் கர்ப்பமாவதற்கு முன்பே வைத்தியரிடம் பேச வேண்டும். வார்பரின் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக் கூடியது.

அடுத்த கிளினிக் நாளில், கொப்பியைத் திறந்து, "இந்தத் திகதிகளில் தவறிவிட்டது, டொக்டர்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். சரியான அளவைத் தீர்மானிக்க அவருக்கு அந்தத் தகவல் வேண்டும்.