அரங்கேற்றத்தில் யார் முதலாம் இடம்?

எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் எனக்கு வழக்கமாக விழும் கேள்வி இது: "தம்பி, அம்பு விடுறதுக்கு வெளிநாடு போனனீராம். எத்தனையாம் இடம்?" நாற்பதுக்குக் கிட்ட என்று சொன்னால் மாமாமார் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள். பிறகு இரக்கப்பட்டு என் தட்டில் இன்னொரு ரோல்ஸை வைத்துவிட்டு, "அதுக்கேன் இவ்வளவு செலவு?" என்பார்கள்.

அந்தக் கேள்விக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஏனென்றால் இப்போது அதே கேள்வி உங்களிடமும் கேட்கப்படுகிறது.

முதலில் இது என்ன விளையாட்டு என்று சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக்கில் நீங்கள் பார்க்கும் வில்வித்தை சமதரையில், 70 மீட்டர் தூரத்தில் நடப்பது. ஃபீல்ட் ஆர்ச்சரி அப்படி இல்லை. காட்டுக்குள்ளும் மலைச்சரிவிலும் 24 இலக்குகள் வைத்திருப்பார்கள். நடந்து நடந்து ஒவ்வொன்றுக்கும் மூன்று அம்பு எய்ய வேண்டும். கறுப்பு வளையங்களுக்கு 1 முதல் 4 வரை புள்ளி, நடு மஞ்சளுக்கு 5, அதற்குள் இருக்கும் சின்ன வட்டத்துக்கு 6. ஆக 72 அம்பு, கூடியது 432 புள்ளி. உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு நாள் தூரத்தை எழுதி வைப்பார்கள், இன்னொரு நாள் எழுத மாட்டார்கள். தூரம் அளக்கும் கருவி கொண்டுபோக முடியாது. கண்ணால் பார்த்து நீங்களே முடிவெடுக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த இடம் அதுதான். இலக்குத் தாள்கள் 20, 40, 60, 80 சென்ரிமீட்டர் என்று நான்கு அளவில் வரும். சின்னத் தாளைக் கிட்ட வைத்தால் தூரம்போலத் தெரியும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது கிட்டத் தெரியும். மர நிழல் குகைபோல மூடியிருந்தால் அதே தூரம் நீண்டுபோகும். சரிவு வந்தால் இன்னும் வேடிக்கை. மேல் நோக்கி எய்தாலும் கீழ் நோக்கி எய்தாலும், கிடைத் தூரம்தான் பெரும்பாலும் கணக்கு. 30 பாகைச் சரிவில் 40 மீட்டர் என்றால் ஏறக்குறைய 35 மீட்டருக்குக் குறிவைக்க வேண்டும். பொறியியல் படித்த எனக்கு இந்தக் கோசைன் கணக்கு நித்திரையிலும் வரும். ஆனால் அந்த 40ஐ முதலில் கண்டுபிடிப்பது யார்? பல்கலைக்கழகத்தில் தரவைக் கையில் தந்துவிட்டுத்தான் கணக்குச் செய்யச் சொன்னார்கள்.

ஹம்மர்பெஸ்டில் வளர்ந்தவனுக்கு இது இன்னும் கஷ்டம். எங்கள் அப்பா அம்மா காலத்தில் மீன் தொழிற்சாலை வேலைக்காகத் தமிழர்கள் வந்து சேர்ந்த வடமுனை இது. இங்கே காடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. பாறை, காற்று, குட்டைப் பேர்ச் மரம், அவ்வளவுதான். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி கடைசிவரை சூரியன் எழும்பாது, அதனால் மண்டபத்துக்குள் 18 மீட்டரில் பயிற்சி. கோடையில் இரவு பதினொரு மணிக்கும் வெளியே எய்யலாம், இலக்குக்கு முன்னால் துருவ மான் வந்து நிற்காவிட்டால். அது போகும்வரை வில்லைக் கீழே வைத்துக் காத்திருப்போம். திறந்த வெளியில் பழகிய இந்தக் கண்ணைக் கொண்டுபோய் சுவீடனின் ஊசியிலைக் காட்டில் விட்டால், முதல் பத்து இலக்கும் பொய் சொல்லும். உள்ளூரில் எவ்வளவு பயிற்சி செய்தாலும் அது திருந்தாது. வெளியே போகத்தான் வேண்டும்.

அங்கே உங்களை முன்பின் தெரியாத மூன்று பேரோடு ஒரு குழுவில் போடுவார்கள். நாள் முழுக்க அவர்களோடுதான் நடை. புள்ளி எழுதுவதும் நீங்கள் நால்வரும்தான், ஒவ்வொரு இலக்கிலும் நடுவர் நிற்க மாட்டார். அம்பு கோட்டைத் தொட்டதா இல்லையா என்று ஒரு பின்லாந்துக் கிழவரும் நானும் குனிந்து பார்த்து, அவர் எனக்குக் கூடின புள்ளியைத் தந்த நாள் உண்டு. அவரும் என் பிரிவில்தான் போட்டியிட்டார்.

இப்போது செலவுக்கு வருவோம். நோர்வேயில் ஒரு பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு எங்கள் குடும்பங்கள் எவ்வளவு செலவழிக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். மண்டபம், பக்கவாத்தியக்காரருக்கு விமானச் சீட்டு, உடுப்பு, நகை, சாப்பாடு. அது வீண் என்று நான் சொல்லவில்லை. என் தங்கையின் அரங்கேற்றத்தில் கதிரை அடுக்கியவன் நான். ஆனால் அங்கே யாராவது "எத்தனையாம் இடம்?" என்று கேட்டார்களா? பத்து வருடம் பழகிய ஒன்றை, அது தெரிந்தவர்கள் முன்னால் நின்று முழுதாகச் செய்து காட்டுவதே போதும் என்று எல்லோருக்கும் விளங்குகிறது. அதே விளக்கம் ஒரு பிள்ளை வில்லோடு போகும்போது மட்டும் ஏன் காணாமல் போகிறது? எனக்கு நாற்பதாம் இடம் என்றால், அந்த நாற்பது பேருக்கும் தெரிந்த ஒரு வேலையை அவர்கள் முன்னால் செய்திருக்கிறேன் என்றுதான் பொருள்.

நோர்வே விளையாட்டுச் சட்டம் இதில் எங்களைவிட நிதானமானது. பிள்ளைக்கு 11 வயதாகும்வரை முடிவுப் பட்டியல் போடக்கூடாது. 13 வயதுக்கு முன் ஐரோப்பிய, உலக சாம்பியன்ஷிப்புக்கு அனுப்பக்கூடாது. நாங்களோ ஆறு வயதுப் பிள்ளைக்கும் கிண்ணம் இல்லாவிட்டால் விளையாட்டுப் போட்டியே இல்லை என்கிறோம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. தமிழ்ப் பள்ளியில் சேரர் கொடியில் வில் இருந்தது என்று படித்தோம். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்த வல்வில் ஓரியைப் படித்தோம். (யோசித்துப் பாருங்கள், அவன் செய்ததும் தூரம் எழுதாத காட்டு வில்வித்தைதான்!) ஆனால் மலேசியத் தமிழர் எஸ். சுரேஷ் 2019இல் நெதர்லாந்தில் பாரா வில்வித்தை உலக சாம்பியன் ஆனது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2024இல் உலக ஃபீல்ட் சாம்பியன்ஷிப் கனடாவின் லக் லா பீஷில் நடந்தது. டொரொண்டோவில் இருக்கும் என் மச்சான்மார் ஒருவருக்கும் தெரியாது. சரி, அங்கிருந்து அதுவும் நல்ல தூரம்தான். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தின வில்லுக்குப் பெருமைப்படுகிற சங்கங்கள், இன்று வில் பிடிக்கிற பதினாறு வயதுப் பிள்ளையின் பயணச் செலவில் பாதியையாவது ஏற்கலாம். பதக்கம் உறுதி என்ற நிபந்தனை வேண்டாம்.

போக நினைக்கிறவர்களுக்கு: உலக சாம்பியன்ஷிப்புக்கு நாடு தெரிவு செய்ய வேண்டும், ஒரு பிரிவில் மூன்று பேர்வரைதான். அதை விடுங்கள். யாரும் பதிவு செய்யக்கூடிய திறந்த போட்டிகள் சுவீடனிலும் பின்லாந்திலும் நடக்கின்றன, அங்கிருந்து தொடங்குங்கள். உடனே வில் வாங்க வேண்டாம், முதலில் கழகத்தில் இரவல் கேளுங்கள். கழற்றக்கூடிய ரீகர்வ் வில் என்றால் கடினமான பெட்டியில் வைத்து, கையோடு கொண்டுபோகாமல் சரக்கில் போடுங்கள். ஹம்மர்பெஸ்டிலிருந்து புறப்படும் சின்ன விமானத்தில் இடம் குறைவு, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சுங்கத்தில் காட்ட வாங்கிய ரசீதின் படம் கைபேசியில் இருக்கட்டும்.

அம்புகளில் உங்கள் பெயரோ முதலெழுத்தோ இருப்பது கட்டாயம், இலக்கமும் போட வேண்டும். தமிழில் எழுதலாமா என்று கழகத்தில் ஒரு தங்கச்சி கேட்டாள். என் அம்புகளில் "ஞா" என்றுதான் இருக்கிறது. இதுவரை எந்த நடுவரும் ஒன்றும் சொன்னதில்லை.