யாரையும் திட்டாத சோகம்

கல்லாறு தாண்டியதும் பொன்முடிக்கு ஏறும் சாலை 22 கொண்டை ஊசி வளைவுகளாக மடிகிறது. திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. வார இறுதியில் டெக்னோபார்க் இளைஞர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு மலையில்லை. காதலிப்பவர்கள் ஜோடியாக வருகிறார்கள். காதல் முறிந்தவர்களை நண்பர்கள் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இவர்களுடைய செல்போனில் இளையராஜா இருப்பார், ஜான்சன் இருப்பார். இருவருக்கும் நடுவே ஒற்றை கிடாரும் தயங்கும் குரலுமாக ஒரு ஜெய்ப்பூர்க்காரரும் இருந்தால் ஆச்சரியமில்லை.

பிரதீக் குஹாட். நியூயார்க்கில் கணிதமும் பொருளாதாரமும் படித்து, ஆலோசனை நிறுவனம் ஒன்றில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, பாட்டுதான் பிழைப்பு என்று ஊர் திரும்பியவர். முதல் முழு ஆல்பமான 'இன் டோக்கன்ஸ் அண்ட் சார்ம்ஸ்' 2015இல் வந்தது. 2018இல் 'கோல்ட் மெஸ்'. ஆறே பாடல்கள், ஆறும் ஆங்கிலம். ஒரே உறவு உடைந்துகொண்டே போவதை வெவ்வேறு நாட்களில் எழுதி வைத்த மாதிரி ஒரு தொகுப்பு. ஜிம் சர்ப், ஜோயா ஹுசேன் நடித்த தலைப்புப் பாடலின் வீடியோ பரவியது. அடுத்த ஆண்டுக் கடைசியில் அமெரிக்க முன்னாள் அதிபர் ஒபாமா தனக்குப் பிடித்த 2019ஆம் ஆண்டுப் பாடல்களின் பட்டியலில் அதைச் சேர்த்தார். அவர் காதுக்கு அது எப்படிப் போனது என்று தனக்கே தெரியாது என்றார் குஹாட்.

எதிரொலி இரண்டு விதம். கச்சேரிகளில் ரசிகர்கள் வார்த்தை பிசகாமல் கூடவே பாடுகிறார்கள். இன்னொரு தரப்பு கொட்டாவி விடுகிறது: எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி, வசதியான வீட்டுப் பிள்ளைகளின் முணுமுணுப்பு. முதல் குற்றச்சாட்டில் கொஞ்சம் நியாயம் உண்டு. மெட்டுகள் அதிக தூரம் அலைவதில்லை. ஆனால் முணுமுணுப்புதான் இங்கே விஷயமே.

தென்னிந்தியக் காதல் தோல்வி எப்போதும் உரத்த குரலில் வந்தது. 1953இல் வந்த 'தேவதாஸ்' படத்தில் நாகேஸ்வர ராவ் கையில் மதுக் கிண்ணம், கண்டசாலாவின் குரல். பிறகு தாடி, சால்வை, மழை. 2011இல் தனுஷ் எழுதிப் பாடிய 'கொலவெறி' அதைக் கேலியாக்கியது, 'சூப் பாய்ஸ்' என்ற பட்டத்தையும் தந்தது. சோகமோ கேலியோ, நம் திரைப்பாட்டில் பெரும்பாலும் வழக்கு ஒன்றுதான்: அவள் ஏமாற்றிவிட்டாள். குஹாட்டின் பாட்டில் அந்த வழக்கே இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காயப்படுத்துகிறார்கள், விலகவும் முடியவில்லை. அதைப் பெண்களும் தங்கள் பாட்டாகப் பாட முடிகிறது. காதலை மறுத்த பெண்ணைப் பழிவாங்குவது செய்தித்தாளில் வாடிக்கையாகிவிட்ட நாட்டில் இது சின்ன வித்தியாசம் அல்ல.

இன்னொரு வித்தியாசம், வேலைப் பிரிவினை. திருவனந்தபுரமே திரைக்கு வெளியே காதல் ஆல்பங்களைத் தந்த ஊர்தான். 1990களின் பிற்பகுதியில் கல்லூரி வட்டாரங்களில் சுற்றிய 'நினக்காயி' காஸெட்டை நினைவிருப்பவர்கள் உண்டு. வரிகள் ஈஸ்ட் கோஸ்ட் விஜயன், இசை பாலபாஸ்கர். (2018இல் கார் விபத்தில் இறந்த அதே வயலின் கலைஞர்.) அங்கும் எழுதியவர் ஒருவர், மெட்டமைத்தவர் ஒருவர், பாடியவர்கள் வேறு. யாருடைய சோகம் என்ற கேள்வி எழவே இல்லை. குஹாட்டுக்கு முதலில் வருவதே அந்தக் கேள்வி: யார் அந்தப் பெண்?

அமெரிக்காவில் ஜஸ்டின் வெர்னனுக்கும் இதே கதி. இசைக்குழு கலைந்து, காதல் முறிந்து, உடம்பும் கெட்டு, 2006-07 குளிர்காலத்தில் விஸ்கான்சின் காட்டில் அப்பாவின் வேட்டைக் குடிலுக்குப் போனவர், சில மாதங்களில் ஒன்பது பாடல்களோடு வெளியே வந்தார். 'போன் ஐவர்' என்ற பெயரில் 2007இல் தானே வெளியிட்ட ஆல்பத்தை அடுத்த ஆண்டு உலகமே கேட்டது. பாட்டைவிடக் குடிலைப் பற்றிப் பேசியவர்களே அதிகம். தலைப்பில் வரும் எம்மா யார் என்று துப்பறிந்தார்கள். சோகத்தை அனுபவித்தவனே பாடினால் ரசிகன் பாதி போலீஸ்காரனாகிவிடுகிறான்.

குஹாட் 2020இல் இந்த ஆர்வத்தை அழகாகத் திருப்பிவிட்டார். ஊரடங்கின்போது வந்த 'கஸூர்' வீடியோவில் பாடகரின் கதையே கிடையாது. முதல் காதல், பிரிவு என்று கேள்விகள் வருகின்றன, கேட்பவர்களின் முகங்கள் மாறுகின்றன, அவ்வளவுதான். ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார். இயக்கியவர் தர் காய், உக்ரைனில் பிறந்தவர். பாட்டு ஹிந்தி.

மொழிதான் உறுத்துகிறது. குஹாட் ஆங்கிலத்தில் எழுதியதை ஹிந்தியிலும் அதே தொனியில் எழுத முடிகிறது, அதற்குக் கூட்டமும் வருகிறது. சென்னையில் கபேர் வாசுகி போன்றவர்கள் தமிழில் சொந்தமாக எழுதிப் பாடுகிறார்கள். ஆனால் சினிமா வழிவிடும் இடுக்கில்தான் கேட்க முடிகிறது. பொன்முடிக்குக் காரில் ஏறும் பையன் வீட்டில் சண்டை போடுவது மலையாளத்திலோ தமிழிலோதான். அவளிடம் கடைசியாகப் பேசியதும் அப்படித்தான். அழுவதற்கு மட்டும் ஆங்கிலப் பாட்டைத் தேடுகிறான்.