நயாகராவைக் காட்டிப் பட்டம் விற்போர்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்கென வெளியிடும் கையேடுகளை நீங்கள் புரட்டிப் பார்த்திருப்பீர்கள். பக்கத்துக்குப் பக்கம் அருவிகள், கடற்கரைகள், நூதனசாலைகள். இலையுதிர்கால மரங்களின் கீழ் சிரித்தபடி நிற்கும் பல நிறத்து இளைஞர்கள். அயலில் பார்க்கவேண்டிய இடங்கள் பத்து, சுவைக்கவேண்டிய உணவுகள் பத்து என்று பட்டியல்கள். கட்டண விபரத்தையோ வேலை செய்வதற்குள்ள சட்டத் தடைகளையோ தேடித்தான் பிடிக்கவேண்டும். எங்கள் ஊர்க் கல்வி முகவர்களும் இந்தப் படங்களைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

ஊர் பார்க்க வருபவனுக்கான ஏட்டைப் படிக்க வருபவனின் கையில் திணிப்பது நேர்மையற்ற வியாபாரம். இதுவே என் வாதம்.

நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரை எடுத்துக்கொள்வோம். நல்ல கல்வி நிறுவனங்கள் உள்ள ஊர். அங்கு படிக்க வருமாறு அழைப்பவர் எவரும் நயாகராவைக் காட்டாமல் விடுவதில்லை. அருவி முப்பது கிலோமீற்றர் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் அந்த அருவிக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் அமெரிக்கக் கரை தனியார் கைகளில் இருந்தது. அவர்கள் வேலி அடைத்து, அருவியைப் பார்ப்பதற்கே காசு வாங்கினார்கள். பூங்காக்களை வடிவமைத்துப் புகழ்பெற்ற ஃபிரெடெரிக் லோ ஒல்ம்ஸ்ரெட் போன்றோர் பல்லாண்டு இதனை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அதன் பயனாக 1885 ஜூலை 15 ஆம் நாள் அருவிக்கரை மக்களுக்கு இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. இன்றும் நடந்து செல்பவரிடம் நுழைவுக்கட்டணம் கேட்பதில்லை. எவரும் காசின்றிப் பார்க்கலாம் என்று போராடிப் பெற்ற ஒன்றை, ஆண்டுக்குப் பல்லாயிரம் டொலர் கட்டணம் செலுத்துவதற்கான காரணமாக மீண்டும் விற்பது என்ன நியாயம்?

காட்சியை விட்டுக் கணக்குக்கு வருவோம். நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகங்களில் இளமாணிப் படிப்புக்கு அம்மாநில மாணவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 டொலர் கற்பித்தற் கட்டணம் செலுத்துகிறார். பஃபலோ போன்ற பெரிய வளாகத்தில் வெளிநாட்டு மாணவரின் கட்டணம் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். தங்குமிடம், உணவு, மருத்துவக் காப்புறுதி எல்லாம் வேறு.

“அங்கே பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம்” என்பார் முகவர். மாணவர் வீசாவில் செல்பவர் படிப்புத் தவணையின்போது வாரத்துக்கு 20 மணிநேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. அதுவும் வளாகத்துக்குள் மட்டும். முதலாவது கல்வியாண்டில் வெளியே வேலை பார்க்க, மிக அரிதான விதிவிலக்குகள் தவிர, வழியில்லை. பஃபலோப் பகுதியில் 2026 இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 16 டொலர். அந்த விகிதத்தில் 20 மணிநேரத்துக்கு 320 டொலர். வருடத்தின் முப்பது படிப்பு வாரங்களுக்கு 9,600 டொலர், அதுவும் வரி கழிக்குமுன். வளாகத்தில் வேலை கிடைத்தால்தான் இந்தக் கணக்கும் பொருந்தும். கட்டணத்தில் பாதிக்குக்கூட இது போதாது.

கிடைக்காதவர் என்ன செய்வார்? பெற்றோல் நிலையத்திலோ உணவகத்திலோ களவாக வேலை தேடுவார். பிடிபட்டால் படிப்பும் போய், திரும்பி வரும் வழியும் அடைபடும். குற்றம் செய்யாதவருக்கே அங்கு நிம்மதி இல்லை. 2025 வசந்தகாலத்தில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகள் திடீரென நீக்கப்பட்டன. பலர் நீதிமன்றம் சென்ற பின்னரே ஏப்ரல் இறுதியில் அவற்றை மீட்டுத் தருவதாக அரசு அறிவித்தது.

அருவியைப் பார்ப்பதும் அவ்வளவு எளிதன்று. படிப்பு ஓகஸ்ட் இறுதியில் தொடங்கி மே மாதத்தில் முடிகிறது. அருவிக்கடியில் செல்லும் புகழ்பெற்ற படகுகள் குளிர்காலம் முழுவதும் ஓடுவதில்லை. ஈரி ஏரியிலிருந்து வரும் காற்று பஃபலோவில் ஆண்டுதோறும் சராசரியாக இரண்டு மீற்றருக்கு மேல் பனியைக் கொட்டுகிறது. 2022 டிசம்பர் பனிப்புயலில் அந்த வட்டாரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நகரின் ஒரேயொரு புகையிரதப் பாதை பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகத்துடன் நின்றுவிடுகிறது. புறநகரில் உள்ள பெரிய வடக்கு வளாகத்துக்கு பஸ்ஸுக்காகப் பனியில் காத்திருக்கவேண்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. குதிரைலாட அருவியை நேரே முழுமையாகப் பார்க்கவேண்டுமானால் கனடாக் கரையில் நிற்கவேண்டும். நடந்தே கடக்கக்கூடிய பாலம் அது. இரண்டு மணிநேரக் கார்ப் பயணத்தில் ரொறன்ரோவில் மாமியும் சித்தப்பாவும் இருப்பார்கள். ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டுடன் போகும் மாணவருக்குக் கனடா வீசா வேண்டும். திரும்பிவரப் பல்கலைக்கழக அதிகாரி ஒப்பமிட்ட பத்திரமும் வேண்டும். பாலத்தின் இந்தப் பக்கத்தில் நின்று உறவினரைத் தொலைபேசியில் அழைக்கலாம்.

“இளம்பிள்ளைகள் கனவு காணட்டுமே, ஏன் பயமுறுத்துகிறீர்கள்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கனவு காண்பவர் பிள்ளை. காணியை ஈடு வைப்பவர் தகப்பன், நகையை அடகு வைப்பவர் தாய். 2022 இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 350 ரூபாயைத் தாண்டியது. ஒரே கட்டணம், ஒரே பிள்ளை. ரூபாயில் செலுத்தவேண்டிய தொகை மட்டும் முக்கால் பங்கு கூடிவிட்டது. அந்தக் குடும்பங்களுக்கு அருவியின் படம் எந்த ஆறுதலைத் தந்திருக்கும்?

அமெரிக்காவுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்குள்ள ஆய்வுகூடங்களும் நூலகங்களும் உலகில் பலருக்குக் கிட்டாத செல்வங்கள். போனவர்கள் நயாகராவையும் பார்க்கட்டும். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நூதனசாலைகள் இலவசம், அவற்றையும் பார்க்கட்டும். ஆனால் பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்யும் மேசையில் அந்தப் படங்களுக்கு இடமில்லை.

முகவர் அடுத்தமுறை அருவியின் படத்தை விரித்தால், பெற்றோர் அதை மூடிவைத்துவிட்டு நான்கு கேள்விகள் கேட்கவேண்டும். நான்கு ஆண்டுக்கும் மொத்தச் செலவு எவ்வளவு? கட்டணம் இடையில் உயருமா? வளாகத்துக்குள் வேலை எத்தனை வெளிநாட்டு மாணவருக்குக் கிடைக்கிறது? இந்தச் சேர்க்கைக்காகப் பல்கலைக்கழகம் உமக்குத் தரும் தரகு எவ்வளவு? கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால், வேறு முகவரைத் தேடுங்கள்.