வைத்திய மாணவரும் வாய்ச்சொல்லும்

மருந்தின் அளவைத் தராசு காட்டும். உடற்சூட்டை வெப்பமானி காட்டும். ஆயின், தாம் கூறிய சொல் நோயாளியின் உள்ளத்திற் பதிந்ததோ, செவியளவில் நின்றதோ என்பதை வைத்தியருக்குக் காட்டுவது யாது? வைத்தியம் பயிலும் இளைஞர் தம் சொல்லையும் உடன் பயில்வோர் சொல்லையும் அளந்தறியக் கற்பிக்கப்படல் வேண்டும் என்பதே எம் கருத்து.

எம் இல்லத்து நிகழ்ச்சியொன்று இதனை எழுதத் தூண்டியது. எம் பாட்டியார் தலைநோயால் வருந்தி மருத்துவசாலை ஒன்றிற்குச் சென்றார். ஆங்கிருந்த பயிற்சி மருத்துவர், இரத்த அழுத்தம் மிக்கிருத்தலைக் கண்டு மாத்திரைகள் தந்து, உண்ணும் முறையை விரைந்துரைத்து, "விளங்கிற்றா, பாட்டி?" என்றார். பாட்டியார் தலையசைத்தார். பத்து நாளில் தலைநோய் நீங்கவே, நோய் தீர்ந்ததென்று மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாந் திங்களில் அவருக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்தது. அவ்விளைஞர் கல்லாதவருமல்லர், கொடியவருமல்லர். தாம் நன்கு விளக்கியதாகவே இன்றும் எண்ணியிருப்பார். பிழையினும் பெரிது பிழையை அறியாமையன்றோ?

இக்குறை நம் நாட்டிற்கே உரியதன்று. அமெரிக்காவில் பெக்மன், பிராங்கெல் என்னும் இருவர் 74 சந்திப்புகளை ஆராய்ந்து 1984-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தம் குறையை முழுதும் சொல்லி முடித்த நோயாளர் நூற்றுக்கு 23 பேரே. வைத்தியர் குறுக்கிட்டது சராசரி 18 விநாடியில்! தாம் இடைமறிக்கின்றோம் என்பதைப் பேசுகின்றவரே உணர்தல் அரிது. ஆதலின் அயலார் கண் வேண்டும்.

அக்கண் உடன்பயில்வோர் கண்ணாக இருத்தல் நன்று. ஆயின் அதற்கும் பயிற்சி வேண்டும். நட்புப்பற்றி "மிக நன்று" என்பதும், பகைபற்றி "நீ செருக்குடையை" என்பதும் மதிப்பீடாகா. "அவர் அழுதபோது நீ ஏட்டையே நோக்கியிருந்தாய்" என்று கண்டதைக் கண்டவாறு கூறுவதே மதிப்பீடு. பேசியவர் தம் நிறைவை முதலிற் கூறுக, பிறகு தோழர் கூறுக, அதன்பின்னரே குறைகளைப் பேசுக என இங்கிலாந்தில் பெண்டில்டன் முதலியோர் 1984-இல் வகுத்த முறை இதற்கு ஏற்றது. நோயாளிபோல் நடிக்கப் பயின்றவரைக்கொண்டு மாணவரைச் சோதிக்கும் முறையைப் பாரோஸ் என்பார் 1963-லேயே லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கினார். நம் நாட்டிலும் 2019 முதல் மருத்துவப் பட்டப்படிப்பில் உரையாடற்பயிற்சி பாடமாயிற்று. பாடம் ஏட்டளவில் நில்லாமை வேண்டும்.

"வாயிலில் நூறுபேர் நிற்க, இதற்கு நேரம் ஏது?" என்பார் உளர். "நான் சொன்னதை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள், பாட்டி" என்று கேட்க அரை நிமிஷம் போதும். அவ்வரை நிமிஷம் இன்மையால், எம் பாட்டியார் இரண்டாண்டாகப் பிறர் கையால் உண்கின்றார்.

மருத்துவத்தின் உறுப்புகள் நான்கினைத் திருக்குறள் எண்ணுமிடத்து நோயாளியையே முதலில் வைத்தது. மாணவர் தம்மை மதிக்கலாம், தோழர் மதிக்கலாம், ஆசிரியரும் மதிக்கலாம். முடிந்த தீர்ப்பு நோயாளியின் வாயிலிருந்தே வருதல் வேண்டும். தலையசைப்பைத் தீர்ப்பெனக் கொள்ளாத வைத்தியரே எம் போன்றோர் இல்லங்களுக்கு வேண்டுவர்.